சாவடிக் கதையின் கடைசி வாரம்

மேமலைத் தோட்டம், டிக்கோயா
17-6-1964

அன்பு மகள் பூரணிக்கு அப்பா நல்லமுத்து எழுதுவது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழை தொடங்கியதிலிருந்து தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளை சின்னராசாவும் சம்பந்தியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வருமுன் நானே சொல்வது மேல். போன ஞாயிறு பெரியதம்பி கடையில் ரேடியோ கேட்க நின்றிருந்தேன். அறிவிப்பாளர் "நேயர்களுக்கு வணக்கம்" என்றார். எவ்வளவு மரியாதையான குரல்! என் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. வாயும் "வணக்கமுங்க" என்று சொல்லிவிட்டது. கடையில் பதினைந்து பேர். பெரியதம்பி சும்மா இருப்பானா? "நல்லமுத்தண்ணே, ஒங்க கூட்டாளிக்கு ஒரு டீ போடவா?" என்றான். இப்போது தேயிலை அரைக்கிற ஸ்டோரில் என்னைக் கண்டாலே எல்லோரும் கும்பிடுகிறார்கள். பெட்டிக்கு மார்க்கு எழுதுகிறவனுக்கு இந்தத் தோட்டத்தில் இவ்வளவு மரியாதை இதற்கு முன் கிடைத்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊரில் படிக்க எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வேடிக்கையைப் பார். மதராசில் அச்சடிக்கிற வாரப் பத்திரிகை துறையூர்ப் பக்கம் உனக்குக் கிடைக்கவில்லை. கப்பலேறி, ரயிலேறி, மலையேறி அட்டன் பஜாருக்கு வந்து எனக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு புதுத் தொடர்கதை தொடங்கியிருக்கிறார்கள். ரோட்டில் சுங்கச்சாவடி காக்கிற ஒருவர், அவருக்கு ஒரே மகள், அவளைத் தூர ஊரில் கட்டிக்கொடுக்கிறார். நான்கு வாரத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் வாரத்தைப் படிக்காதே. முழுக்க நிலாவைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் பார்க்காத நிலாவா?

படித்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பு. முடிந்ததும் பைண்டு பண்ணி உனக்கே தருவேன். ஸ்டோரில் பசைக்குக் குறைவில்லை.

அப்பா

*

மேலக்கொட்டம், துறையூர் வழி
8-7-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் கதையும் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அதையும் கட்சிக்கு விட்டுவிட்டீர்களா?

வணக்கம் சொன்ன கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி தானா சிரிக்கிறே?" என்றார்கள். சொன்னேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் வேண்டாம் என்றதால் மூன்றாம் வாரத்தை முதலில் படித்தேன். நிலா நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே பஞ்சாயத்துப் பூங்காவில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் கொழும்பு ரேடியோ கணீரென்று கேட்கிறது. பெண்கள் பூங்காவுக்குள் போய் உட்கார மாட்டார்கள். ஆனால் குழாய் பக்கத்தில்தான் இருக்கிறது. குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். வியாழக்கிழமை ஆறரைக்கு ஒரு நாடகம் வருகிறது, கேளுங்கள். அதில் வருகிற தபால்காரர் பேசுவது நம் ஊர்ப் பேச்சு. "என்னாங்க, இருக்கீங்களா?" என்று அவர் கேட்டபோது குடத்தை வைத்துவிட்டேன்.

இன்னொன்று. பத்து நாளாகத் தலை சுற்றுகிறது. வெயில் என்று நினைத்தேன். அத்தை வெயில் இல்லை என்கிறார்கள்.

உங்கள் மகள்
பூரணி

*

டிக்கோயா
26-7-1964

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை நான்கு தரம் படித்தேன். மூன்று தரம் புரியவில்லை. நாலாம் தரம் வீரம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். "அட கூறுகெட்ட மனுசா, நீ தாத்தாவாகப் போறே!" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்தே கத்தினாள். லயத்து வரிசை வீடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அன்று ஒரு பெட்டிக்கு எண்ணைத் தலைகீழாக எழுதிவிட்டேன். டீமேக்கர் ஐயா வைதார். நான் சிரித்தேன். அதற்கு மறுபடி வைதார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தச் சமயத்தில் எதைக் கேட்டால் நல்லது என்று நாலு பேரிடம் விசாரித்தேன். வீரம்மா சாமிப் பாட்டு என்கிறாள். பெரியதம்பி சினிமாப் பாட்டு என்கிறான். என் கட்சி, பாட்டைவிடப் பேச்சு. நன்றாகப் பேசுகிறவர்கள் குரலைக் கேள். பிள்ளை கூச்சமில்லாமல் பிறக்கும். உன் அம்மா சண்முகவடிவு உன்னைச் சுமந்தபோது என் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பலன் என்னவென்று உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை நாடகத்துக்குப் போனேன். மழை. கடைக்குள் இடமில்லை, தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். தபால்காரர் பேசும்போது இந்த நேரத்தில் நீயும் குழாயடியில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கடல் குறுக்கே கிடக்கிறது, குரல் மட்டும் டிக்கெட் எடுக்காமல் இரண்டு பக்கமும் போகிறது.

உன் அம்மாவுக்குப் பிடித்த பாட்டை உன் பெயருக்கு வைக்கச் சொல்லி ரேடியோவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கிறேன். பெயர் வாசிக்கும்போது கவனி. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டு வரை உள்ளே இருக்கிறது.

அப்பா

*

மேலக்கொட்டம்
30-9-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்பு பரவாயில்லை. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள், கட்சி விவகாரம் வேண்டாம், உண்மையை எழுதுங்கள்.

இரண்டு மாதமாகப் பெயர் வாசிப்பதைக் கேட்கிறேன். மாத்தளை, பண்டாரவளை, யாழ்ப்பாணம் எல்லாம் வருகிறது. டிக்கோயா ஒரு தடவை வந்தது, வேறு யாரோ. இருந்தாலும் டிக்கோயா என்று அவர் சொன்னது நன்றாக இருந்தது.

கதை பிடித்திருக்கிறது. சாவடிக்காரர் எந்த வண்டி வந்தாலும் மாட்டுச் சலங்கைச் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று சொல்வது ரொம்பப் பிடித்தது.

பக்கத்து வீட்டு ரத்னாவுக்கு ஏழாம் மாதம். போன வாரம் அவள் அப்பா வண்டி கட்டி வந்து, வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனார். தலைப்பிரசவம் அல்லவா. தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன்.

நம் காம்பராக் கூரை இப்போதும் ஒழுகுகிறதா? அம்மா இருந்த காலத்தில் படுக்கிற மூலையில் ஒழுகாது என்று ஞாபகம்.

பூரணி

*

டிக்கோயா
18-10-1964

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உண்மையை எழுதச் சொன்னாய். உண்மையாகவே சுகம். தைலம் தீர்ந்துவிட்டது, வலியும் தீர்ந்துவிட்டது, எது முந்தி என்று தெரியவில்லை.

கூரை ஒழுகுவதில் மாற்றமில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. அந்த மூலையிலும் இப்போது ஒரு சட்டி வைத்திருக்கிறேன். நான்கு சட்டி, நான்கு சுருதி. ரேடியோ இல்லாத குறையே தெரியவில்லை.

கடையில் இப்போது பாட்டை யாரும் கேட்பதில்லை, செய்திதான் கேட்கிறார்கள். யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசுகிறதாம். வீரம்மா வீட்டில் போவதென்று முடிவு. அவள் போனால் இந்த லயத்தில் என்னைத் திட்ட ஆளிருக்காது.

கதைக்கு வருகிறேன். பதினான்காம் வாரத்தை நிதானமாகப் படி. சாவடிக்காரர் ராத்திரியும் தூங்காமல் கம்பத்தைத் தூக்கித் தூக்கி விடுகிற இடம் நன்றாக வந்திருக்கிறது. மற்றபடி ஆள் கொஞ்சம் மடையர். பதினாறாம் வாரத்தைச் சாப்பிட்டபின் படி, வயிறு எரியும்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம். நேரில் சொல்கிற வணக்கம், ரேடியோவுக்குச் சொன்னதல்ல.

அப்பா

*

மேலக்கொட்டம்
28-11-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு வளையல் போட்டார்கள். அத்தையே எல்லாம் செய்தார்கள். தாய்வீட்டுத் தட்டு என்று ஒன்று வைக்க வேண்டுமாம். ரத்னாவின் மாமியார் வைத்தார்கள்.

பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒன்றும் அலைய வேண்டாம். கடல் தாண்டி வருவதும் போவதும் எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியாதா? அங்கே வர எழுதிப்போட்டிருந்த விசா கைக்கு வந்துவிட்டது, இருந்தாலும் என்ன, பெட்டியில் கிடக்கட்டும்.

சாவடிக்காரர் மேல் எனக்குக் கோபம். ஊரான் வண்டிக்கெல்லாம் கம்பத்தைத் தூக்குகிறார். மகளுக்கு "வா" என்று ஒரு சொல் அனுப்பமாட்டேன் என்கிறார். ஏன் என்று இருபது வாரமாக எழுத்தாளர் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பூரணி

*

டிக்கோயா
8-12-1964

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. எல்லோரும் சுகம் என்றதில் சந்தோஷம். நான் இங்கே வேறென்னவோ யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தபின் அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது.

அங்கேயே இரு. அதுதான் நல்லது. சம்பந்தியம்மா கைபட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இங்கே குளிர், ஒழுகல், ஒரு கிழவன். பிரசவ வீட்டுக்கு வேண்டிய லட்சணம் ஒன்றும் இல்லை.

சாவடிக்காரர் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாய். எனக்கென்ன தெரியும்? ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தாளருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம். கதை இன்னும் இரண்டு வாரத்தில் முடியும் என்று போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு வரை உள்ளே இருக்கிறது.

நல்ல பேச்சாகக் கேள். நடக்கும்போது பார்த்து நட.

அப்பா

*

டிக்கோயா
30-12-1964

பூரணிக்கு,

சுகமா? இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உடனே பதில் போடு.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இருபத்திரண்டாம் தேதி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி ஆளோடு கடலில் போய்விட்டதாம். நம் பக்கம் வர இருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். கப்பலும் நின்றுவிட்டது. இந்தக் கடிதம் எந்த வழியாகப் போகும், எப்போது சேரும் என்று தபால் கந்தோரில் யாருக்கும் தெரியவில்லை.

நீ வீட்டில்தானே இருக்கிறாய்? விசா பெட்டியில்தானே கிடக்கிறது? உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடிவாதம் உண்டு. கூப்பிடாத வீட்டுக்கும் போய் நிற்பாய். மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்துக் கிளம்பிவிட்டாயோ என்று ஒரு பயம். ஸ்டோரில் இரண்டு நாளாக என்னை யாரும் கும்பிடவில்லை.

பெரியதம்பிக்கு ரேடியோ நிலையத்தில் ஒரு சினேகிதன் இருக்கிறான். அவன் மூலமாக மறுபடி கார்டு கொடுத்திருக்கிறேன். பாட்டு எதுவாக இருந்தாலும் சரி, பெயரை மட்டும் வாசியுங்கள் என்று எழுதினேன்.

பத்திரிகையும் வரவில்லை. கதை இருபத்தொன்பதோடு நிற்கிறது. நிற்கட்டும்.

அப்பா

*

மேலக்கொட்டம்
21-1-1965

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சுகம். சுகம். நான் எங்கேயும் கிளம்பவில்லை.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆனால் அதற்கு முந்தியே உங்கள் குரல் வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் குழாயடியில் நின்றேன். குடம் தூக்க முடியாது, சும்மாதான் போகிறேன். "டிக்கோயாவிலிருந்து நல்லமுத்து, தம் மகள் துறையூர் பூரணிக்காக" என்று வாசித்தார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டேன். பூங்காவில் இருந்த ஆண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறேன்.

புயலைப் பற்றி இங்கே கேட்டதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் கூப்பிடாததும் நல்லதாகப் போயிற்று, அப்பா. கூப்பிட்டிருந்தால் அந்த வாரம்தான் கிளம்பியிருப்போம். இவரும் சம்மதித்துத்தான் இருந்தார்.

பத்திரிகை எனக்கும் கிடைக்கவில்லை. அதனால் கடைசி வாரத்தை நானே எழுதினேன். இத்துடன் இருக்கிறது. ஒரு நாள் சாவடிக்காரர் கம்பத்தைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஒரு கடுதாசி எடுத்து "வந்துவிடு" என்று எழுதுகிறார். அவ்வளவுதான். வண்டி வருகிறது. சலங்கைச் சத்தத்தில் யாரென்று அவருக்குத் தெரிகிறது. மொத்தம் ஒன்றரைப் பக்கம். நிலா இல்லை.

பூரணி

*

டிக்கோயா
7-3-1965

அன்பு மகள் பூரணிக்கும், பாட்டி பெயர் வைத்த என் பேத்தி சண்முகவடிவுக்கும் அப்பாவும் தாத்தாவுமான ஒரே ஆள் எழுதுவது.

தந்தி கிடைத்த அன்று ஸ்டோருக்கே சர்க்கரை வாங்கிக் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் சுகம் என்ற மூன்று சொல்லை என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தண்ணீர் பட்டுக் கொஞ்சம் அழிந்துவிட்டது. எனக்கு மனப்பாடம்.

வீரம்மா குடும்பம் போன வாரம் கிளம்பிவிட்டது. போகும்போதும் திட்டிவிட்டுத்தான் போனாள்: "ஒழுங்காச் சாப்பிடு. சட்டியில மழைத்தண்ணியப் புடிச்சுக் குடிச்சுக்கிட்டுக் கெடக்காதே." அந்தக் காம்பரா இப்போது பூட்டிக் கிடக்கிறது.

கொழும்பு வழியாகப் பத்திரிகை வந்து சேர்ந்தது. கதையின் உண்மையான முடிவைப் படித்தேன். ரோட்டை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். சாவடியை மூடுகிறார்கள். சாவடிக்காரருக்கு டவுனில் காவல் வேலை கிடைக்கிறது. முற்றும். மகளா? மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. முப்பது வாரம் எழுதிய களைப்பில் ஆசிரியர் அவளை மறந்துவிட்டார். பெரியதம்பிகூட, "என்னாண்ணே, அந்தப் புள்ளைய அப்படியே வுட்டுட்டாரு?" என்று வருத்தப்பட்டான்.

பைண்டு பண்ணி அனுப்புகிறேன். அவர் முடிவு முன்னால், உன் முடிவு பின்னால். என் சிபாரிசு: அவர் முடிவைப் படிக்காதே. நான் வேண்டாம் என்றால் முதலில் படிப்பாய் என்று தெரியும், படி, ஆனால் உன்னுடையதைக் கடைசியாகப் படி. பேத்திக்கு எழுத்துத் தெரிகிற காலத்தில் உன்னுடையதை மட்டும் காட்டு.

பின்னட்டை கொஞ்சம் தடித்திருக்கும். தேயிலைப் பெட்டித் தாள் போதாமல் கையில் கிடைத்த காகிதத்தை வைத்து ஒட்டினேன். பிரிக்காதே, பசை விட்டுப்போகும்.

வியாழக்கிழமை நாடகத்தில் தபால்காரர் இப்போது வருவதில்லை. இருந்தாலும் ஆறரைக்கு நிற்கிறேன்.

அப்பா

*

(பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தாள். உறை இல்லை, முத்திரை இல்லை.)

டிக்கோயா
2-12-1964

அன்பு மகள் பூரணிக்கு,

இங்கே சுகம் என்று வழக்கம்போல எழுத நினைத்தேன். இந்தத் தடவை வேண்டாம்.

நீ ரத்னாவைப் பற்றி எழுதியபோதே எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல் கூரையைப் பற்றி எழுதினேன். பெண்பிள்ளை இல்லாத காம்பராவுக்குப் பிரசவத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சம். இப்போது வீரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள், பிரசவம் முடிந்துதான் கப்பலேறுவாளாம். அம்மா படுக்கிற மூலைக்கு மேலே தகரம் வாங்கி அடித்துவிட்டேன். சட்டியை எடுத்துவிட்டேன். டிக்கோயா ஆஸ்பத்திரியிலும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையோடு கிளம்பி வந்துவிடு. இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பாம்பனில் பாசஞ்சர் வண்டி ஏறுங்கள். அதில் கூட்டம் இருக்காது, காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தனுஷ்கோடியில் இறங்கி, மறுநாள் கப்பல். தலைமன்னாரில் நான் நிற்பேன்.

உனக்குத் தொல்லையாக இருந்தால் வேண்டாம். இல்லை, அப்படி எழுதக் கூடாது. தொல்லையாக இருந்தாலும் வா.

ரேடியோக்காரருக்கு வணக்கம் சொன்னேன் என்று எழுதினேனே, அது மறதியில் சொன்னதில்லை, தாயி. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து என்னிடம் முதலில் பேசிய ஆள் அவர்தான்.